புறப்படும் நாளை வைத்துத் தேர்வு செய்யும் கணக்கு

பிழைக்கப் போன நாட்டில் எந்த வங்கியில் கணக்குத் திறப்பது என்று கேட்டால், வட்டி எங்கே அதிகம், கட்டணம் எங்கே குறைவு, ஏடிஎம் எங்கே பக்கம் என்ற அளவில்தான் பதில் கிடைக்கிறது. மலேசியாவின் ஜொகூரில் வாழும் தமிழர்களைப் பொறுத்தவரை இவையெல்லாம் பின்னால் வரவேண்டிய கேள்விகள். பெர்மிட் முடிந்த பிறகு, வேலை போன பிறகு, ஊர் திரும்பிய பிறகு, கணக்குக்காரர் கண்மூடிய பிறகு இந்தப் பணத்தை யார், எந்தக் காகிதத்தைக் காட்டி எடுக்க முடியும் என்பதே முதலில் கேட்கவேண்டியது. ஜொகூர் பாருவின் உணவகங்களிலும் முடிதிருத்தும் கடைகளிலும், பாசிர் கூடாங், செனாய் வட்டாரத் தொழிற்சாலைகளிலும் வேலை பார்க்கும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்தக் கேள்வி உண்டு. மாசாய், ஸ்கூடாய் பக்கம் வீடு வைத்துக்கொண்டு, விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் மலேசியத் தமிழர்களுக்கும் உண்டு. இரு தரப்பாரின் பணமும் இரண்டு நாட்டுச் சட்டங்களுக்கு நடுவில் கிடக்கிறது. கணக்குத் திறக்கும் நாளில் வங்கி புன்சிரிப்போடு வரவேற்கும். மூடும் நாளில் என்ன கேட்கும் என்பதை வைத்தே அதை எடைபோட வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

இதற்கு வரலாற்றுச் சான்று நம்மவர்களிடமே இருக்கிறது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் மலாயாவில் பினாங்கு முதல் மூவார் வரை கடை போட்டு வட்டித்தொழில் நடத்திய காலத்தில், ஊருக்குப் பணம் அனுப்பவும் சேமித்து வைக்கவும் அவர்களுடைய கிட்டங்கிகளே பலருக்கு வங்கியாக இருந்தன. 1937 பிப்ரவரி 10 அன்று மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் பேங்க்கைத் தொடங்கினார். கடல் கடந்த தமிழரின் பணப்போக்குவரத்தை மனத்தில் வைத்துத் தொடங்கிய வங்கி அது. விரைவிலேயே பினாங்கு, கோலாலம்பூர், சிங்கப்பூர் ஆகிய ஊர்களுக்கும் வந்தது. மலாயாத் தமிழர் ஒருவருக்கு அன்று அதைவிடப் பொருத்தமான வங்கி வேறு இருந்திருக்க முடியாது. ஆனால் 1969 ஜூலையில் இந்திய அரசு 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கியபோது அந்தப் பட்டியலில் இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் (ஐஓபி), இந்தியன் பேங்க், யூகோ மூன்றும் இருந்தன. வேற்று நாட்டு அரசுக்குச் சொந்தமான வங்கி தன் மண்ணில் நடக்க மலேசியச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே 1973இல் இம்மூன்றின் மலேசியக் கிளைகளும் சேர்ந்து யுனைடெட் ஏஷியன் பேங்க் ஆயின. அது 1991இல் பேங்க் ஆஃப் காமர்ஸுடன் இணைந்தது. இன்று அந்த வழித்தோன்றல் சிஐஎம்பி. கணக்குக்காரர்களின் பணம் காணாமல் போகவில்லை. ஆனால் ஒரே வங்கிக்குள் ஊரும் வெளியூரும் இணைந்திருந்த வசதி, இவர்களைக் கேட்காமலே, டெல்லியில் எடுத்த ஒரு முடிவால் அறுந்தது. 2012இல் இந்தியா இண்டர்நேஷனல் பேங்க் மலேசியாவில் தொடங்கப்பட்டபோது ஐஓபி அதில் ஒரு பங்குதாரராகத் திரும்பி வந்தது. இடைப்பட்ட நாற்பது ஆண்டில் ஒரு தலைமுறை வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டது.

இரண்டாவது சான்று நாணயத்தைப் பற்றியது. 1967 உடன்பாட்டின்படி மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று என்று இரு கரையிலும் செல்லுபடியாகின. 1973 மே மாதத்தில் மலேசியா அதிலிருந்து விலகியது. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளி வாங்க மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்கவேண்டியிருக்கிறது. 1998 செப்டம்பரில் மலேசிய அரசு ரிங்கிட்டை அமெரிக்க டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்டபோது, நாட்டுக்கு வெளியே கிடந்த ரிங்கிட்டெல்லாம் அக்டோபர் 1க்குள் திரும்பிவிட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. 500, 1,000 ரிங்கிட் நோட்டுகள் அதன்பின் செல்லாமல் போயின. அந்தக் கட்டு 2005 ஜூலை வரை நீடித்தது. பொருளாதாரத்தைக் காக்க அந்த நடவடிக்கை தேவைப்பட்டது என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் வாதத்தில் நியாயமும் உண்டு. நம் கேள்விக்கு வேண்டியது வேறு: வங்கி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பணம் எல்லை தாண்டும் வழியைத் தீர்மானிப்பது வங்கி இல்லை. ரிங்கிட் இன்றும் மலேசியாவுக்கு வெளியே தாராளமாக வாங்கி விற்கும் நாணயம் ஆகவில்லை. அதனால்தான் இந்திய வங்கிகள் அந்நிய நாணயத்திலேயே வைத்திருக்கும் எஃப்சிஎன்ஆர் வைப்புக்கு டாலர், பவுண்டு, யூரோ, யென் என்று பட்டியல் போடும்போது, சில வங்கிகள் சிங்கப்பூர் வெள்ளியையும் சேர்க்கின்றன, ரிங்கிட்டைச் சேர்ப்பதில்லை. ஜொகூரில் சம்பாதிப்பவர் ரிங்கிட்டாகவே ஊரில் சேமிக்க முடியாது. ரூபாயாக மாற்றியாக வேண்டும். மாற்றும் நாளின் விலையை ஏற்றாக வேண்டும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். தொழிலாளிக்குத் தேர்வு எங்கே இருக்கிறது? முதலாளி எந்த வங்கியில் கம்பெனிக் கணக்கு வைத்திருக்கிறாரோ அங்கேதான் எல்லோருக்கும் கணக்குத் திறக்கிறார்கள். பாஸ்போர்ட்டையும் பெர்மிட்டையும் காட்டிக் கையெழுத்துப் போட்டால் கார்டு வந்துவிடுகிறது. உண்மைதான். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்கிறது. எந்த வங்கி என்பதில் தொழிலாளியின் குரல் எடுபடுவது அரிது. ஆனால் அந்த மறுப்பு என் வாதத்தைப் பலப்படுத்தவே செய்கிறது. தானே தேர்ந்தெடுக்காத கணக்கில் சேமிப்பை வைத்திருக்கக் கூடாது. சம்பளக் கணக்கு பணம் வந்து இறங்கும் இடமாக மட்டும் இருக்கட்டும். வாடகை, சாப்பாடு, அவசரத்துக்கு ஒன்றிரண்டு மாதச் செலவு தவிர மிச்சம் அங்கே தங்க வேண்டாம். காரணம், அந்தக் கணக்கின் உயிர் பெர்மிட்டோடு கட்டப்பட்டிருக்கிறது. பெர்மிட் தேதி முடிந்து புதுப்பித்த நகல் வங்கிக்குப் போகாவிட்டால் கணக்கு முடங்கக்கூடும். பெர்மிட்டுக்கான லேவியை முதலாளி கட்டத் தாமதித்தால் தவறு அவருடையது. பணம் எடுக்க முடியாமல் நிற்பது தொழிலாளி. இதோடு கைப்பேசிச் சிக்கலும் சேர்ந்திருக்கிறது. மோசடிகள் பெருகியதால் 2022இல் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா, குறுஞ்செய்தி ஓடிபியைக் கைவிட்டு, ஒரே கைப்பேசியில் பதிவான செயலி வழியாக ஒப்புதல் தரும் முறைக்கு மாறும்படி வங்கிகளைப் பணித்தது. பாதுகாப்புக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் போன் தொலைந்தாலோ, அவசரமாக ஊருக்குக் கிளம்பி மலேசிய எண் செத்துப்போனாலோ, காரைக்குடியிலிருந்து கொண்டு ஜொகூர் கணக்கைத் திறப்பது பெரும்பாடு.

ஏடிஎம் கார்டை மேற்பார்வையாளர் வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம் என்பது ஓரளவு எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கார்டும் ரகசிய எண்ணும் வேறொருவர் கையில் இருந்தால் அந்தக் கணக்கு பெயரளவில்தான் தொழிலாளியுடையது. இது பாதுகாப்புக்காகச் செய்யும் உதவி என்று சொல்லப்படும்போது, அந்தச் சொல்லை ஏற்கக் கூடாது.

ஆக, உண்மையான தேர்வு ஊர்க் கணக்கில் இருக்கிறது. பெரும்பாலோர் செய்யும் தவறும் அங்கேதான் நடக்கிறது. புறப்படும் முன் வைத்திருந்த பழைய சேமிப்புக் கணக்கிலேயே பணத்தைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். 1999ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமான ஃபெமாவின்படி, வேலைக்காக நாட்டைவிட்டுப் போகும்போதே ஒருவர் வெளிநாடு வாழ்பவர் ஆகிவிடுகிறார். 182 நாள் கணக்குப் பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. பழைய கணக்கை, வெளிநாடு வாழ்பவரின் உள்நாட்டு வரவுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்குத் தனியாக என்ஆர்இ கணக்குத் திறக்கலாம். இரண்டு வருட பெர்மிட்டுக்கு வந்த உணவகத் தொழிலாளிக்கும் இதே விதிதான். இதற்குச் சொல்லப்படும் மறுப்பு நடைமுறை சார்ந்தது: யாரும் பிடிப்பதில்லையே, இத்தனை வருடமாக ஒன்றும் ஆகவில்லையே. சட்டம் மீறிய தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது என்றாலும், சிறு சேமிப்புக்காரர்மீது அது பாய்வது அபூர்வம் என்பதை ஒத்துக்கொள்ளலாம். பயமுறுத்தி யாரையும் வங்கிக்கு அனுப்ப வேண்டியதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தாலே போதும்.

மூன்று லட்சம் ரூபாயை 6.5 விழுக்காட்டு வட்டியில் ஒரு வருடம் போட்டதாக வைத்துக்கொள்வோம். வட்டி 19,500 ரூபாய். என்ஆர்இ வைப்பானால் அதற்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. முழுதும் கைக்கு வரும். என்ஆர்ஓ வைப்பானால் வங்கி 30 விழுக்காடு வரியும் அதன்மேல் 4 விழுக்காடு மேல்வரியும் பிடித்துக்கொண்டுதான் தரும். 6,084 ரூபாய் போய்விடும். இந்தியாவும் மலேசியாவும் 2012இல் செய்துகொண்ட இரட்டை வரித் தவிர்ப்பு உடன்பாட்டைக் காட்டினால் வட்டிக்கு 10 விழுக்காடுதான்; பிடித்தம் 1,950 ஆகக் குறையும். ஆனால் அதற்கு மலேசிய வருமான வரி வாரியத்திடம் வரி வசிப்பிடச் சான்றிதழ் வாங்கி, உரிய படிவத்தோடு கொடுக்க வேண்டும். பிடித்த வரியைக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறவும் வழி உண்டு. பாசிர் கூடாங்கில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்ப்பவர் எத்தனை பேர் அதைச் செய்வார்கள்? தவறான கணக்கின் விலை அபராதமாக வருவதில்லை. வருடாவருடம் வட்டியில் மூன்றிலொரு பங்காகக் கழிந்துகொண்டே இருக்கிறது. என்ஆர்இக்கும் குறை உண்டு. அதில் ஓராண்டுக்குக் குறைந்த வைப்பு கிடையாது. ஓராண்டுக்குள் முறித்தால் வட்டியே இல்லை. ஊர் வீட்டு வாடகை, நிலம் விற்ற பணம் போன்ற உள்நாட்டு வரவை அதில் போட முடியாது. அதற்கு என்ஆர்ஓதான் வேண்டும். அதனால் பலருக்கு இரண்டும் தேவைப்படும். திரும்பிப் போகும் வழியிலும் வேறுபாடு பெரிது: என்ஆர்இ பணத்தை வரம்பின்றி வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லலாம், என்ஆர்ஓ பணத்துக்கு நிதியாண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரம்பும் வரி கட்டியதற்கான சான்றும் உண்டு. ஒரு தொழிலாளிக்கு அந்த வரம்பு எட்டாத உயரம்தான். சான்றுக்காக அலைவதுதான் அவர் பாடு.

ஊரில் வங்கியைத் தேர்ந்தெடுக்கும்போது வட்டியில் கால் விழுக்காடு கூடுதலா என்று பார்ப்பதைவிட, மலேசிய எண்ணைப் பதிவு செய்ய விடுமா என்று பார்ப்பது மேல். யுபிஐ வசதியை வெளிநாட்டுக் கைப்பேசி எண்ணோடு இணைக்க 2023 தொடக்கத்தில் பத்து நாடுகளுக்கு அனுமதி வந்தபோது அதில் சிங்கப்பூர் இருந்தது, மலேசியா இல்லை. பிறகு மலேசியாவும் சேர்க்கப்பட்டது. ஆனால் எல்லா வங்கிகளும் அதைக் கொடுத்துவிடவில்லை. கொடுக்காத வங்கியில் கணக்கு வைத்திருப்பவர், ரீசார்ஜ் செய்யாமல் விட்ட ஓர் இந்திய சிம்மை நம்பித் தன் முழுச் சேமிப்பையும் வைத்திருக்கிறார். எண் வேறொருவருக்குப் போய்விட்டால் ஓடிபியும் அங்கே போகும்.

அடுத்தது யார் பெயரில் என்பது. மனைவி பெயரிலோ அப்பா பெயரிலோ உள்ள சாதாரணக் கணக்குக்கே பணத்தை அனுப்பிவிட்டால் போதும், தனக்கென்று கணக்கே வேண்டாம் என்பார் உண்டு. குடும்பச் செலவுக்கு அது சரியான வழி. உறவினருக்கு அனுப்பும் பணத்துக்கு வரித் தொல்லையும் இல்லை. ஆனால் சேமிப்பையும் அப்படியே செய்தால், பத்து வருடம் கழித்துத் திரும்பும்போது தன் உழைப்பின் மிச்சத்துக்கு எந்தக் காகித உரிமையும் இல்லாதவராக நிற்க நேரும். என்ஆர்இ கணக்கில் உள்ளூரில் வசிக்கும் நெருங்கிய உறவினரை, முதலாமவர் அல்லது உயிரோடிருப்பவர் என்ற முறையில் கூட்டாளியாகச் சேர்க்க விதி இடம் தருகிறது. அவர் முதலாமவர் காலத்தில் அதிகாரப் பத்திரத்தின்பேரில் உள்ளூர்ச் செலவுக்கு எடுக்கலாம்; பிறகு உரிமை அவருக்கு. நம்பிக்கை, உரிமை இரண்டையும் விட்டுக்கொடுக்காத ஏற்பாடு இது. நாமினியும் எழுதியாக வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் இந்திய வங்கிகளில் நான்கு பேர் வரை நாமினியாக எழுதலாம். யாருக்கு எத்தனை விழுக்காடு என்றும் குறிக்கலாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு இப்படி நாமினி எழுதும் ஏற்பாடு பொதுவாக இல்லை. ஜொகூர்க் கணக்கில் பணம் வைத்து ஒருவர் விபத்தில் இறந்தால், சிவகங்கை மாவட்டத்துக் கிராமத்திலிருந்து அவர் மனைவி மலேசிய வாரிசு நடைமுறையை எதிர்கொள்ள வேண்டும். சேமிப்பை ஊருக்கு நகர்த்திவிட வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

நகர்த்தும் வழியைப் பற்றியும் சர்ச்சை உண்டு. உரிமம் இல்லாமல் பணம் அனுப்பித் தரும் உண்டியல்காரர் நல்ல விலை தருகிறார், இரவு பத்து மணிக்கும் வாங்குகிறார், படிவம் கேட்பதில்லை, மறுநாள் வீட்டில் பணம் இருக்கிறது. வங்கியும் பணமாற்று நிறுவனமும் இதில் பாதியைக்கூடச் செய்யாத காலம் ஒன்று இருந்தது. அதை மறுக்க முடியாது. இப்போது நிலைமை வேறு. பணமாற்றுத் தொழிலுக்கான 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பேங்க் நெகாரா உரிமம் பெற்ற நிறுவனங்கள் செயலி வழியாகவே அனுப்புகின்றன. அவற்றிடமும் ரசீதைப் படிக்க வேண்டும். மாதம் 1,200 ரிங்கிட் அனுப்புபவரிடம் 10 ரிங்கிட் கட்டணம் என்று பெரிதாக எழுதியிருக்கும். ரிங்கிட்டுக்கு 20 பைசா குறைத்து மாற்றினால் 240 ரூபாய் அங்கேயே போய்விடும். ரிங்கிட் 20 ரூபாய் என்று கொண்டால் அது இன்னொரு 12 ரிங்கிட். ஆகக் கட்டணத்தைப் பார்க்காமல் வீட்டுக்கு எத்தனை ரூபாய் சேரும் என்பதை மட்டும் ஒப்பிட வேண்டும். உண்டியலில் விலை இன்னும் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அந்த ரூபாய் யாரென்றே தெரியாத மூன்றாம் ஆளின் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு வருகிறது. அது இணைய மோசடிப் பணமாக இருந்தால், சைபர் குற்றப் பிரிவின் கடிதம் ஒன்றில் குடும்பத்தின் கணக்கே முடங்கும். இவ்வகை முடக்கம் இந்தியாவில் இன்று அரிதான செய்தி இல்லை. தவிர, உண்டியல் பணத்தை என்ஆர்இயில் போட முடியாது. வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதற்கு அதில் தடயமே இல்லை. ரிசர்வ் வங்கியின் 2023-24 ஆய்வில் இந்தியாவுக்கு வந்த பணத்தில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 விழுக்காடு. தடயம் இல்லாத பணம் எந்தப் பங்கிலும் சேராது. அனுப்பியவர் வீட்டுக்கடன் கேட்டு வங்கிக்குப் போனால் வருமானச் சான்றாகவும் உதவாது.

பாலம் கடந்து வேலைக்குப் போகும் ஜொகூர்த் தமிழருக்குக் கணக்கு வேறு மாதிரி. சிங்கப்பூர் வெள்ளியிலேயே சேமிப்பது நல்லதுதான்; 1973க்குப் பிந்தைய அனுபவம் முழுதும் அதையே சொல்கிறது. செலவுக்கு மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 2023 நவம்பரில் சிங்கப்பூரின் பேநவ், மலேசியாவின் டியூட்நவ் ஆகிய பணமாற்று வசதிகள் இரண்டும் இணைக்கப்பட்டதிலிருந்து கைப்பேசி எண்ணை வைத்தே இக்கரைக்கு அனுப்ப முடிகிறது. தொடக்கத்தில் வைத்த வரம்பு நாளுக்கு 1,000 சிங்கப்பூர் வெள்ளி. மே பேங்க், சிஐஎம்பி போல இரு கரையிலும் இருக்கும் வங்கிகளில் கணக்கு வைப்பது இவர்களுக்கு உண்மையிலேயே பயன் தரும். ஆனால் புறப்படும் நாள் கேள்வி இங்கும் விடுவதில்லை. கணவர் பெயரில் மட்டும் இருக்கும் சிங்கப்பூர்க் கணக்கை அவர் இறந்தபின் திறக்க, ஜொகூர் நீதிமன்றத்தில் வாங்கிய வாரிசு உத்தரவைச் சிங்கப்பூர் நீதிமன்றத்தில் மறுமுத்திரை இட வேண்டியிருக்கும். வழக்கறிஞர் செலவு இரு கரையிலும். கூட்டுக் கணக்கானால் பெரும்பாலும் இந்த அலைச்சல் இல்லை. பாதுகாப்பு வரம்பும் மாறுகிறது: மலேசியாவில் வங்கி முறிந்தால் வைப்புக் காப்பீட்டு நிறுவனமான பிஐடிஎம் ஒருவருக்கு ஒரு வங்கிக்கு 2,50,000 ரிங்கிட் வரை தரும், சிங்கப்பூரில் 2024 ஏப்ரல் முதல் 1,00,000 வெள்ளி, இந்தியாவில் 2020 முதல் 5 லட்சம் ரூபாய். மின்பணப்பையில் கிடக்கும் தொகையை வங்கி வைப்பாக எண்ணி பிஐடிஎம் காப்பதில்லை. அதில் காப்பிக் கடைக்கும் பஸ்ஸுக்கும் வேண்டிய அளவு இருந்தால் போதும்.

கடைசி நாள் பற்றி. ஊருக்குப் போகும் தொழிலாளியிடம், இனி உனக்கு வேண்டாத கார்டுதானே என்று சில நூறு ரிங்கிட் கொடுத்து வாங்கிக்கொள்ள ஆட்கள் காத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு வழியாக மோசடிப் பணம் ஓடும், பெயர் தொழிலாளியுடையது. 2024இல் மலேசியக் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டு, கணக்கை இப்படி ஒப்படைப்பதே குற்றமாக்கப்பட்டது. மறுபடி மலேசியாவுக்கு வர நினைப்பவருக்கு அது வாசலிலேயே தடை. ஆகவே கிளம்புமுன் கணக்கை முறைப்படி மூடிவிட வேண்டும் என்பதே இதுவரை சரியான அறிவுரையாக இருந்தது. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் இபிஎஃப் எனும் சேமநிதி கட்டாயமாகியிருக்கிறது: முதலாளி 2 விழுக்காடு, தொழிலாளி 2 விழுக்காடு. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டுக்கு மாதம் 68 ரிங்கிட். இரண்டு வருட பெர்மிட்டுக்கு 1,632 ரிங்கிட்டும் அதன்மேல் லாபப் பங்கும். நாடு திரும்பும்போது இதை எடுக்கலாம். அவசரமாகச் சம்பளக் கணக்கை மூடிவிட்டுப் போனவருக்கு அந்தத் தொகை வந்து சேரக் கணக்கு எங்கே? திறந்தே விட்டுப் போனால் பெர்மிட் முடிந்ததும் முடங்கும் கணக்கில் பணம் வந்து என்ன பயன்? விண்ணப்பத்தைக் கிளம்புமுன் கொடுத்து, தொகை வந்தபின் மூடுவதே தொழிலாளி செய்யக்கூடியது; விமானச் சீட்டை முதலாளி எந்தத் தேதிக்கு எடுப்பார் என்பது தொழிலாளியின் கையில் இல்லை. இபிஎஃப் தொகையை நேராகத் தொழிலாளியின் ஊர்க் கணக்குக்கே அனுப்பும் வழியை இபிஎஃப் வாரியமும் பேங்க் நெகாராவும் சேர்ந்து எளிதாக்க வேண்டும். இந்த விதி தொடங்கியபோது இரண்டு வருட பெர்மிட்டில் வந்தவர்களின் பெர்மிட் 2027இல் முடியத் தொடங்கும். அதற்குள் இது நடந்தாக வேண்டும்.